ஆய்வுக் கட்டுரைகளை நாமே தேடிப் படிக்கலாம்: சிங்கப்பூர்த் தமிழருக்கு ஒரு வழிகாட்டி

2021 முதல் 2025 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கு ஆய்வு, புத்தாக்கம், தொழில்முனைப்பு ஆகியவற்றுக்காகச் சிங்கப்பூர் அரசாங்கம் தொடக்கத்தில் ஒதுக்கிய தொகை 25 பில்லியன் வெள்ளி. நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் அது ஏறத்தாழ ஒரு விழுக்காடு. கடையில் பொருள் சேவை வரி கட்டுகிற எவருக்கும், குடிமக்களுக்கும் வேலை அனுமதியில் இருப்பவருக்கும், அந்தப் பணத்தில் பங்கு உண்டு. ஆனால் அதிலிருந்து பிறக்கும் கட்டுரைகளை நம்மில் மிகச் சிலரே திறந்து பார்க்கிறோம். அதெல்லாம் பேராசிரியர்களுக்கு என்று ஒதுங்கிவிடுகிறோம். பிறகு மருந்தைப் பற்றியும் உணவைப் பற்றியும் வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி முடிவெடுக்கிறோம். இது மாற வேண்டும் என்று உறுதியாக எண்ணுகிறேன்.

பல்கலைக்கழகப் பட்டம் இல்லாதவர்களையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். கட்டுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். உயர்நிலைப்பள்ளி ஆங்கிலமும் பொறுமையும் இருந்தால் போதும். கலைச்சொற்கள் பழகப் பழக வசப்படும்.

முதல் படி: கேள்வியைக் கூர்மையாக்குங்கள்

"சர்க்கரை நோய்க்கு எது நல்லது?" என்று தேடினால் இலட்சக்கணக்கான முடிவுகள் கொட்டும், ஒன்றும் கைக்கு வராது. மருத்துவ ஆய்வாளர்கள் கேள்வியை நான்கு துண்டாக்குவார்கள்: யாருக்கு, எதைச் செய்தால், எதோடு ஒப்பிட்டு, எதை அளந்து. "நீரிழிவு உள்ள அறுபது வயதுப் பெண், வெள்ளை அரிசிக்குப் பதிலாகப் பழுப்பரிசி சாப்பிட்டால், மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு குறையுமா?" என்று கேட்டால் அதற்குப் பதில் தேட முடியும்.

வணிகத்துக்கும் இதே முறைதான். தேக்காவில் சிறு உணவகம் நடத்துபவர் "வியாபாரம் எப்படிப் பெருகும்?" என்று கேட்பதைவிட, "முப்பது இருக்கைகள் உள்ள கடை வீட்டு விநியோகத் தளத்தில் சேர்ந்தால், தரகுத் தொகை போக லாபம் மிஞ்சுமா?" என்று கேட்கலாம்.

கேள்வியைத் தமிழில் எழுதிவிட்டு, தேடல் சொற்களை ஆங்கிலத்தில் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவத்தில் பேச்சு வழக்குப் பெயருக்கும் ஆய்விதழ்ப் பெயருக்கும் வேறுபாடு உண்டு. மாரடைப்பை ஹார்ட் அட்டாக் என்று மட்டும் தேடினால் பல கட்டுரைகள் தப்பிவிடும். மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன் என்றும் தேட வேண்டும்.

இரண்டாம் படி: எந்தெந்தத் துறையில் தேடுவது?

புதிதாக வருபவர்கள் பொதுவாகத் தடுமாறும் இடம் இது. ஒரு பிரச்சினை ஒரு துறைக்கே சொந்தம் என்று நினைத்து ஒரே இடத்தில் தேடிவிட்டு நின்றுவிடுகிறார்கள். நமக்கெல்லாம் தெரிந்த டெங்கியை எடுத்துக்கொண்டு பார்ப்போம். 2020-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் 35,000-க்கும் மேற்பட்டோருக்கு டெங்கி வந்தது.

அறிவியல் பக்கம் போனால் வொல்பாக்கியா என்ற பாக்டீரியா பற்றிய கட்டுரைகள் கிடைக்கும். அதைச் சுமக்கும் ஆண் ஏடிஸ் கொசு, அது இல்லாத பெண் கொசுவோடு சேர்ந்தால் முட்டை பொரிக்காது. ஆண் கொசு கடிக்காது என்பதால் அதைக் குடியிருப்புகளில் துணிந்து விடலாம். தேசியச் சுற்றுப்புற வாரியம் 2016-இல் களச் சோதனையைத் தொடங்கியது.

மருத்துவப் பக்கம் தடுப்பூசி ஆய்வுகள் இருக்கும். டெங்வாக்சியா என்ற தடுப்பூசிக்கு 2016-இல் இங்கே 12 முதல் 45 வயது வரையிலானோருக்கு அனுமதி கிடைத்தது. மறு ஆண்டே அதைத் தயாரித்த நிறுவனம், முன்பு டெங்கி வராதவர்கள் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டால் பின்னர் வரும் டெங்கி கடுமையாகக்கூடும் என்று அறிவித்தது.

அரசாங்கக் கொள்கை பற்றித் தேடினால் எனக்கு மிகவும் பிடித்த கட்டுரை அகப்படும். எமர்ஜிங் இன்ஃபெக்‌ஷியஸ் டிசீசஸ் என்ற ஆய்விதழில் 2006-இல் வந்தது, இலவசமாகவே படிக்கலாம். 35 ஆண்டு கொசு ஒழிப்பு நடந்த பிறகும் டெங்கி ஏன் திரும்பி வந்தது என்று அது கேட்கிறது. கட்டுப்பாடு வெற்றி பெற்றதால் மக்களிடம் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தது, வீட்டுக்கு வெளியே தொற்று பரவியது, கண்காணிப்பு முறை மாறியது என்று காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறது. தன் நாட்டுத் திட்டத்தை இப்படி நேர்மையாக ஆராய்வது பெருமைப்பட வேண்டிய விஷயம்.

இனி பணக் கணக்கு. 2000 முதல் 2009 வரை டெங்கியால் சிங்கப்பூருக்கு ஏற்பட்ட பொருளியல் பாதிப்பை ஆய்வாளர்கள் 85 கோடி முதல் 115 கோடி அமெரிக்க டாலர் வரை என்று மதிப்பிட்டார்கள். அதில் சுமார் பாதி, கொசுக் கட்டுப்பாட்டுக்கே ஆன செலவு.

உங்கள் கேள்வி எதுவானாலும் நான்கு துறையிலும் ஒரு முறையாவது தேடிப் பாருங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்குவது குடும்ப விஷயம்தான். ஆனால் ஒரு புளோக்கில் எந்த இனத்தவர் எவ்வளவு பேர் வீடு வாங்கலாம் என்று வரம்பு வைக்கும், 1989-இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையின் ஒதுக்கீட்டு வரம்பை நெருங்கிய புளோக்குகளில் வீட்டு விலை எப்படி மாறுகிறது என்பதைப் பொருளியல் அறிஞர் மெய்சி வோங் விற்பனைத் தரவுகளைக் கொண்டு ஆராய்ந்திருக்கிறார். இந்தியக் குடும்பம் வீட்டை மறுவிற்பனை செய்யும்போது யாருக்கு விற்கலாம் என்ற கேள்வி எழுகிறதே, அதற்கு நேரடித் தொடர்புடைய ஆய்வு அது.

மூன்றாம் படி: தேடும் இடங்கள்

தொடக்கத்துக்கு கூகல் ஸ்காலர் போதும். எல்லாத் துறைகளையும் தொட்டுச் செல்லும். மருத்துவம் என்றால் பப்மெட் தளத்துக்குப் போங்கள். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் அதை இலவசமாக நடத்துகிறது. பொருளியல், வணிகம், சட்டம் ஆகியவற்றின் முன்வரைவுக் கட்டுரைகள், அதாவது ஆய்விதழில் வருவதற்கு முந்தைய வடிவங்கள், எஸ்எஸ்ஆர்என் தளத்தில் நிறைய உண்டு. இயற்பியல், கணிதம், கணினியியல் என்றால் ஆர்க்கைவ்.

மருத்துவக் கேள்விக்குத் தனித்தனிக் கட்டுரைகளுக்கு முன்பாக காக்ரேன் அமைப்பின் மறுஆய்வுகளைப் பாருங்கள். ஒரே கேள்விக்கு உலகெங்கும் நடந்த சோதனைகளைத் திரட்டி, தரம் பிரித்து, மொத்தமாக என்ன தெரிகிறது என்று அவர்கள் சொல்வார்கள். எளிய நடையில் சுருக்கமும் தருவார்கள். அவற்றில் ஒரு பகுதி தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறது. நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் காட்டத் தகுந்த அரிய வளம் அது. இன்னும் பலருக்குத் தெரியவில்லை என்பது எனக்கு வருத்தம்.

உள்ளூர் ஆய்வுகளுக்குப் பல்கலைக்கழகங்களே களஞ்சியம் வைத்திருக்கின்றன. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துக்கு ஸ்காலர்பேங்க், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு டிஆர்-என்டியூ, சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்துக்கு இன்க். சிங்கப்பூர் மெடிக்கல் ஜர்னல் 1960 முதல் வெளிவருகிறது. அதைக் கட்டணமின்றிப் படிக்கலாம். சமூகம், இனம், மொழி பற்றிய ஆய்வறிக்கைகளுக்குக் கொள்கை ஆய்வுக் கழகத்தின் தளத்தைப் பாருங்கள்.

எண்கள் வேண்டுமென்றால் புள்ளிவிவரத் துறையின் தளம். உணவகக்காரருக்கு ஒரு தகவல்: உணவு, பான விற்பனைக் குறியீட்டை அத்துறை மாதந்தோறும் வெளியிடுகிறது, மொத்த விற்பனையில் இணையம்வழி வந்தது எவ்வளவு என்றும் அதில் சொல்கிறது. முன்சொன்ன விநியோகக் கேள்விக்கு அங்கிருந்து தொடங்கலாம்.

நேரில் உதவி வேண்டுமா? விக்டோரியா ஸ்திரீட்டில் இருக்கும் தேசிய நூலகக் கட்டடத்துக்குப் போங்கள். 7 முதல் 13-ஆம் மாடி வரை லீ கொங் சியன் மேற்கோள் நூலகம். உள்ளே நுழைய உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. அங்குள்ள நூலகர்களிடம் கேட்கத் தயங்காதீர்கள். எதைத் தேடுகிறீர்கள் என்பதோடு எதற்காகத் தேடுகிறீர்கள் என்பதையும் சொன்னால் அவர்கள் வேறு வழிகளையும் காட்டுவார்கள்.

கட்டுரை பணம் கேட்டால்

நாற்பது ஐம்பது டாலர் கட்டச் சொல்லும் பக்கம் வந்ததும் பலர் மூடிவிடுவார்கள். கட்ட வேண்டாம். கூகல் ஸ்காலரில் அதே தலைப்பின் கீழ் "எல்லாப் பதிப்புகளும்" என்ற இணைப்பை அழுத்துங்கள். ஆசிரியரின் பல்கலைக்கழகத்தில் இலவசப் பிரதி இருக்கலாம். அன்பேவால் என்ற உலாவி நீட்சி சட்டப்படி இலவசமாக உள்ள பிரதியைத் தானே தேடித் தரும். தேசிய நூலக வாரியத்தின் மின்வளங்களில் சிலவற்றை வீட்டிலிருந்தே உறுப்பினர் கணக்கால் திறக்கலாம், சிலவற்றை நூலகத்துக்குள் மட்டும் திறக்கலாம்.

எதுவும் கைகொடுக்காவிட்டால் ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். முகவரி கட்டுரையின் முதல் பக்கத்திலேயே இருக்கும். நீங்கள் யார், எந்தக் கட்டுரை, ஏன் வேண்டும் என மூன்று வரி போதும். ஆய்விதழ்கள் வாங்கும் கட்டணத்தில் ஆசிரியருக்கு ஒரு காசும் போவதில்லை. படிக்க ஆள் கிடைத்தால் மகிழ்ச்சியோடு அனுப்புகிறவர்கள் ஏராளம்.

நான்காம் படி: படிக்கும் வரிசை

முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்க முயன்றால் களைத்துப்போவீர்கள். முதலில் சுருக்கம். அடுத்து, நேராகக் கடைசியில் உள்ள விவாதப் பகுதிக்குப் போய் ஆய்வின் வரம்புகளைச் சொல்லும் பத்தியைக் கண்டுபிடியுங்கள். நல்ல ஆய்வாளர் தன் ஆய்வின் குறைகளை அங்கே தானே எழுதியிருப்பார். அதன் பிறகு அட்டவணைகள். பெரும்பாலும் முதல் அட்டவணையில் பங்கேற்றவர்களின் வயது, பாலினம், இனம், நோய் விவரம் இருக்கும். முறையியல் பகுதிக்கு அதற்கப்புறம் போகலாம். முன்னுரையைக் கடைசிக்கு வைத்துக்கொள்வதில் தவறில்லை.

ஐந்தாம் படி: யாரை ஆராய்ந்தார்கள்?

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையில் எழுதியிருப்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் யாரைப் பற்றிய உண்மை?

இங்கே நடந்த மிகப் பெரிய ஆய்வுகளில் ஒன்று சிங்கப்பூர்ச் சீனர் சுகாதார ஆய்வு. 1993-இல் தொடங்கி, 45 முதல் 74 வயது வரையிலான 63,257 பேரைச் சேர்த்தது. உணவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு பற்றி அரிய முடிவுகளைத் தந்திருக்கிறது. ஆயினும் பெயரே சொல்வதுபோல் பங்கேற்றவர்கள் சீனர்கள். அதன் முடிவை அப்படியே தூக்கி நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைக்க முடியாது.

நம்மவர்களை ஆராய்ந்தவையும் இருக்கின்றன. சிங்கப்பூர் இந்தியர் கண் ஆய்வில் நாற்பது வயதைத் தாண்டிய 3,400 இந்தியர்கள் கலந்துகொண்டார்கள். 2019-இல் செல் ஆய்விதழில் வந்த மரபணு ஆய்வு 4,810 சிங்கப்பூரர்களின் முழு மரபணுத் தொகுதியைப் படித்தது. அவர்களில் 1,127 பேர் இந்தியர்கள். உலக மரபணு ஆய்வுகளில் ஐரோப்பிய வம்சாவளியினரே மிகுதி என்பதால் இத்தகைய ஆய்வுக்குத் தனி மதிப்பு உண்டு.

இது ஏன் முக்கியம்? உடல் எடைக் குறியீட்டையே (பிஎம்ஐ) எடுத்துக்கொள்ளுங்கள். 25-க்கு மேல் போனால் எடை அதிகம் என்பது உலக வழக்கு. ஆசியர்களுக்கு அதைவிடக் குறைந்த அளவிலேயே நீரிழிவு, இதயநோய் அபாயம் கூடுகிறது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஆராய்ந்து, 2004-இல் 23 (அபாயம் கூடும் அளவு), 27.5 (அபாயம் மிகும் அளவு) என்ற அளவுகளைப் பரிந்துரைத்தது. சிங்கப்பூர் இந்த அளவுகளைத்தான் பின்பற்றுகிறது. 2010 தேசிய சுகாதார ஆய்வில் நீரிழிவு உள்ளோர் சீனர்களில் 9.7 விழுக்காடு, இந்தியர்களில் 17.2 விழுக்காடு. 24 என்ற குறியீட்டோடு இருக்கும் தமிழர், வெளிநாட்டுக் கட்டுரையைப் படித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

வயதும் பாலினமும் அப்படியே. 2020-இல் துவாஸ் சவுத் தங்கும் விடுதியில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டு ஊழியர்களைச் சேர்த்து ஒரு சோதனை நடந்தது. வாய்வழி ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்தை எடுத்த குழு, போவிடோன் அயோடின் தொண்டைத் தெளிப்பைப் பயன்படுத்திய குழு ஆகிய இரண்டிலும், வைட்டமின் சி எடுத்த குழுவைவிடக் கொவிட் தொற்று குறைவாக இருந்தது. பங்கேற்றவர்கள் அனைவரும் ஆண்கள். சராசரி வயது 33. நெருக்கமான விடுதியில் தனிமைப்படுத்தப்பட்ட இளைஞர்களிடம் கிடைத்த அந்த முடிவு, தோ பாயோவில் தனியாக வாழும் எழுபது வயதுப் பாட்டிக்குப் பொருந்துமா என்பது வேறு கேள்வி. அதைக் கேட்டுப் பழகுங்கள்.

அரசாங்கப் புள்ளிவிவரத்திலும் இதைக் கேளுங்கள். வீட்டில் தமிழை அதிகம் பேசுவோர் 2010-இல் 3.3 விழுக்காடு, 2020-இல் 2.5 விழுக்காடு என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொல்கிறது. கவலைக்குரிய சரிவுதான். ஆனால் அந்த எண் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் பற்றியது. வேலை அனுமதியில் இருக்கும் தமிழ் ஊழியர்கள் அதில் இல்லை. தமிழை அதிகம் பேசுவது ஒன்று, பேசத் தெரிந்திருப்பது வேறொன்று என்பதையும் மறக்கக் கூடாது.

வணிக ஆய்வுகளில் இந்தக் கேள்விக்கு இன்னொரு முகம் உண்டு. வெற்றி பெற்ற நிறுவனங்களை மட்டும் ஆராய்ந்து "இவற்றின் பொதுப் பண்புகள் இவை" என்று எழுதுவார்கள். அதே பண்புகளோடு மூடப்பட்ட கடைகள் எத்தனை என்பதை யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

ஆறாம் படி: விழுக்காட்டைப் பிரித்துப் பாருங்கள்

வொல்பாக்கியா கொசுக்கள் ஓராண்டோ அதற்கு மேலோ விடப்பட்ட பகுதிகளில் டெங்கி வரும் வாய்ப்பு சுமார் 75 விழுக்காடு குறைவு என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் கூறியிருக்கிறது. நல்ல முடிவு. ஆனால் 75 விழுக்காடு என்பது எதிலிருந்து? எடுத்துக்காட்டாக, ஆயிரம் பேரில் எட்டுப் பேருக்கு வரும் இடத்தில் அது இரண்டாகக் குறையும். ஆறு பேர் தப்புவார்கள். ஆயிரத்தில் எண்பது பேருக்கு வரும் இடத்தில் அறுபது பேர் தப்புவார்கள். விழுக்காடு ஒன்றே, பயன் பத்து மடங்கு வேறு. மருந்து விளம்பரத்தில் "அபாயம் பாதியாகக் குறையும்" என்று படித்தால் ஆயிரத்தில் எத்தனை பேர் என்று கட்டுரையின் அட்டவணையில் தேடுங்கள்.

இரண்டு விஷயங்கள் சேர்ந்து வருவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. காலையில் நடப்பவர்கள் ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்றால், நடப்பதால் ஆரோக்கியமா, ஆரோக்கியமானவர்களால்தான் நடக்க முடிகிறதா? இதைப் பிரித்தறியத்தான் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்துச் சோதனை செய்கிறார்கள்.

ஏழாம் படி: நம்பலாமா?

தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்தி 1998-இல் லான்செட் ஆய்விதழில் வந்த கட்டுரை பன்னிரண்டு குழந்தைகளை மட்டுமே பற்றியது. 2010-இல் அது திரும்பப் பெறப்பட்டது. இன்றும் அதன் பேரில் செய்திகள் சுற்றுகின்றன. பப்மெட்டில் தலைப்பைப் போட்டுப் பார்த்தால், திரும்பப் பெற்ற கட்டுரை என்ற குறிப்பு தெளிவாகத் தெரியும். ஒரு நிமிட வேலை.

கட்டுரையின் முடிவில் நிதி தந்தவர் யார், ஆசிரியர்களின் தொடர்புகள் என்ன என்று இருக்கும். நிறுவனம் பணம் தந்ததாலேயே ஆய்வு பொய்யாகிவிடாது. ஆனாலும் தெரிந்து படிக்க வேண்டும். மெட்ஆர்க்கைவ் போன்ற தளங்களில் உள்ளவை சக ஆய்வாளர்களின் மதிப்பீட்டுக்கு முந்தைய வடிவங்கள். சில நாள்களிலேயே ஏற்றுக்கொள்கிறோம், கட்டணம் அனுப்புங்கள் என்று அழைக்கும் ஆய்விதழ்களைத் தவிர்த்துவிடுங்கள்.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் கேட்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இல்லாத கட்டுரைகளை உண்மையான ஆய்விதழின் பெயரோடும் ஆண்டோடும் அவை சொல்லிவிடக்கூடும். தலைப்பைக் கூகல் ஸ்காலரில் தேடிக் கண்ணால் பார்க்காமல் எதையும் ஏற்காதீர்கள். கடினமான பத்தியைத் தமிழில் விளக்கச் சொல்ல அவை உதவும். எண்களை மட்டும் மூலத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

படித்ததை வைத்து மருந்தை நீங்களே நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். கட்டுரையின் முதல் பக்கத்தை அச்சிட்டு அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் காட்டி, "இந்த ஆய்வில் இருப்பவர்கள் என்னைப் போன்றவர்களா?" என்று கேளுங்கள்.

உங்களையே ஆய்வுக்கு அழைத்தால்

ஒரு இலட்சம் பேரைச் சேர்க்கும் நோக்கோடு எஸ்ஜி100கே என்ற தேசிய ஆய்வு தொடங்கப்பட்டது. இத்தகைய ஆய்வுகளில் நம்மவர்கள் கலந்துகொண்டால்தான் நமக்குப் பொருந்தும் முடிவுகள் வரும். ஆகவே அழைப்பு வந்தால் உடனே மறுத்துவிடாதீர்கள். உடனே ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டம் 2015-இல் இயற்றப்பட்டது. உங்கள் ஒப்புதல் இன்றி உங்களைச் சேர்க்கக் கூடாது என்பதே பொது விதி. எப்போது வேண்டுமானாலும் நீங்கள் விலகலாம். அதனால் உங்கள் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது.

படிவத்தைத் தமிழில் கேளுங்கள். இல்லையென்றால் தமிழில் விளக்கிச் சொல்லும் ஒருவரைக் கேளுங்கள். இரத்த மாதிரி எத்தனை ஆண்டு வைக்கப்படும், வேறு ஆய்வுகளுக்கும் போகுமா, மரபணுச் சோதனை உண்டா, அதில் நோய் அபாயம் ஏதேனும் தெரிந்தால் உங்களுக்குச் சொல்வார்களா, போக்குவரத்துச் செலவு தருவார்களா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த நெறிமுறைக் குழு இந்த ஆய்வுக்கு அனுமதி தந்தது என்பது படிவத்திலேயே இருக்க வேண்டும். முதலாளியோ மேற்பார்வையாளரோ பக்கத்தில் நின்றால், தனியாகப் பேச வேண்டும் என்று சொல்லலாம். வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். இட்டபின் உங்களுக்குரிய பிரதியை வாங்கிக்கொள்ளாமல் கிளம்பாதீர்கள். ஆய்வாளரின் தொலைபேசி எண் அதில்தான் இருக்கும்.